ஒரு பின்னூட்டத்தில் பிறந்த நிறுவனம்

மென்பொருள் வணிகம் – 12

ஃப்ரெஷ்டெஸ்க் 2010 அக்டோபரில் சென்னையில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும். இருவரும் அதற்குமுன் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். தொடக்கத்தில் ஹெல்ப்டெஸ்க் மென்பொருளே நிறுவனத்தின் ஒரே சரக்கு. ஒரு கடைக்கோ கல்லூரிக்கோ வங்கிக்கோ வரும் புகார்களையும் கேள்விகளையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டிக்கெட்’ எண் போட்டு, யார் பதில் சொல்ல வேண்டும், சொல்லியாயிற்றா என்று கணக்கு வைப்பது அதன் வேலை. இந்த நிறுவனம் காலூன்றியதில் சமூக ஊடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தொழிலுக்கான எண்ணம், மென்பொருளின் தனித்தன்மை, ஊரறிந்த பெயர் என மூன்றும் அந்த வழியாகவே வந்தன.

உடைந்த டிவி

கிரீஷ் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது, கப்பலில் அனுப்பிய சாமான்களோடு வந்த டிவி உடைந்திருந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக, சாமான்களைக் கொண்டுவந்த நிறுவனத்துக்கு அவர் மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பினார், தொலைபேசியில் பேசினார், பலன் இல்லை. வெளிநாட்டிலிருந்து தாயகம் திரும்பும் இந்தியர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் நடந்ததை எழுதினார். அந்த நிறுவனத்தின் வருங்கால வாடிக்கையாளர்கள் எல்லோரும் படிக்கும் இடம் அது. நிறுவனத்தின் தலைவரே வந்து மன்னிப்பு கேட்டார். பணமும் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் உலகின் வேறு இடங்களிலும் இதுபோல் நடந்துகொண்டிருந்தது. கனடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர் டேவ் கரோல், விமானப் பயணத்தில் உடைந்த தன் கிதாருக்கு இழப்பீடு கிடைக்காததால், 2009 ஜூலையில் ஒரு பாட்டு எழுதி யூடியூபில் ஏற்றினார். அதை லட்சக்கணக்கானோர் பார்த்த பிறகு விமான நிறுவனம் இறங்கிவந்தது. அதுவரை புகார் என்பது வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே மூடிய உறைக்குள் இருந்த விஷயம். இப்போது அது நாலு பேர் முன்னிலையில் நடக்கும் பஞ்சாயத்து ஆயிற்று. கிரீஷ் ஜோஹோவில் ஹெல்ப்டெஸ்க் மென்பொருட்களைக் கவனித்துவந்தவர். அன்றைய ஹெல்ப்டெஸ்க் மென்பொருட்கள் பெரும்பாலும் மின்னஞ்சலையும் தொலைபேசியையும் நம்பிக் கட்டப்பட்டவை என்பதையும், இந்தப் பஞ்சாயத்து அவற்றின் கண்ணில் படாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

விலையேற்றமும் ஒரு பின்னூட்டமும்

இரண்டாவது தூண்டுதல் போட்டியாளரிடமிருந்து வந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2007இல் தொடங்கப்பட்ட ஜென்டெஸ்க், இணையம் வழியாக மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருட்களில் முன்னணியில் இருந்தது. 2010 மே மாதம் அது கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியது. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களில் நிறுவனம் மன்னிப்பு கேட்டு, பழையவர்களுக்குப் பழைய கட்டணமே தொடரும் என்று அறிவித்தது.

மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் இந்தச் செய்தி விவாதிக்கப்பட்டது. நியாயமான விலையில் ஒரு நல்ல ஹெல்ப்டெஸ்க் செய்பவருக்கு இங்கே பெரிய வாய்ப்பு இருக்கிறது என்று அதில் ஒருவர் எழுதினார். அந்தப் பின்னூட்டம் கிரீஷின் கண்ணில் பட்டது. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு, சென்னையின் கீழ்க்கட்டளையில் 700 சதுர அடி இடத்தில் ஆறு பேர் கொண்ட குழுவாகத் தொழிலைத் தொடங்கினார்.

ஒரு வரிப் பின்னூட்டத்தைப் படித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அந்தத் துறையின் நுணுக்கமும், எந்த அம்சத்துக்கு வாடிக்கையாளர் காசு கொடுப்பார் என்ற அனுபவமும் கையில் இருந்தவருக்கே அது தொழிலாகத் தெரிந்தது.

சென்னையிலிருந்து விற்பது எப்படி?

2011 ஜூனில் மென்பொருள் சந்தைக்கு வந்தது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதியில் உள்ள ஆட்வெல் கல்லூரி. சென்னையிலிருந்து ஒருவரும் அங்கே போய்ப் பேசவில்லை. இந்தத் தொழிலின் அமைப்பே அப்படிப்பட்டது.

பழைய முறையில் பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்க, அமெரிக்காவில் விற்பனையாளர்களை வைத்து, நேரில் சந்தித்து, மாதக்கணக்கில் பேரம் பேச வேண்டும். ஆறு பேர் கொண்ட நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது. சாஸ் எனப்படும் சந்தா முறையில் வாடிக்கையாளரே தேடி வருகிறார். இணையதளத்தில் பதிவு செய்து சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கிறார். பிடித்திருந்தால் கடன் அட்டையில் கட்டணம் கட்டுகிறார். ஆள் ஒன்றுக்கு மாதம் சில டாலர் என்பதால், சிறு நிறுவனங்களுக்கும் அது பெரிய முடிவாகத் தெரிவதில்லை. இந்த முறையில் விற்பனையாளரின் இடத்தை இரண்டு விஷயங்கள் நிரப்புகின்றன: தேடுபொறியில் கண்ணில் படுவது, பயன்படுத்தியவர்கள் நாலு இடத்தில் நல்ல வார்த்தை சொல்வது.

ஃப்ரெஷ்டெஸ்க் இதை விளங்கிக்கொண்டு, தான் பிறந்த கதையையே எழுதி வெளியிட்டது. ஒரு பின்னூட்டத்தால் நிறுவனம் தொடங்கிய கதையைச் சொன்ன அந்தக் கட்டுரை, பின்னூட்டம் வந்த ஹேக்கர் நியூஸிலேயே பரவலாகப் படிக்கப்பட்டது. படித்தவர்களில் பலர் தாங்களே ஹெல்ப்டெஸ்க் தேவைப்படும் சிறு நிறுவனங்களை நடத்தியவர்கள். ஆகவே விளம்பரச் செலவே இல்லாமல், வாங்கக்கூடியவர்களின் கைக்கே விஷயம் போய்ச் சேர்ந்தது.

ட்வீட்டை டிக்கெட் ஆக்குவது

சமூக ஊடகம் விளம்பரப் பலகையாக மட்டும் நிற்கவில்லை; மென்பொருளுக்குள்ளேயே நுழைந்தது. ஒரு கடையின் பெயரைச் சொல்லி ட்விட்டரில் யாராவது முறையிட்டால், மென்பொருள் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து டிக்கெட்டாக மாற்றும். கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் வரும் கேள்விகளும் அதே வரிசையில் சேரும். ஊழியர் ஒரே திரையில் மின்னஞ்சலுக்கும் ட்வீட்டுக்கும் பதில் எழுதலாம். பதில் ட்விட்டரிலேயே போய் விழும். இரண்டு பேர் ஒரே புகாருக்கு வெவ்வேறு பதில் சொல்லும் குழப்பமும், ஒருவருமே பதில் சொல்லாமல் விடும் அலட்சியமும் இதனால் குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனத்தின் பெயர் வரும் பதிவெல்லாம் புகார் ஆகாது. கேலி, பாராட்டு, விளம்பரம், வெறும் பேச்சு என எல்லாம் கலந்தே வரும். பெரிய நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பதிவுகள் வந்தால், பதில் தேவைப்படுபவற்றைப் பிரித்தெடுப்பதே தனி வேலை. அந்த வேலையை மொழி ஆய்வுக் கணிமையால் செய்துவந்த டெல்லி நிறுவனமான ஏர்வூட்டை 2016இல் ஃப்ரெஷ்டெஸ்க் விலைக்கு வாங்கியது.

வசையை வரவாக்குவது

2011 டிசம்பரில் அக்செல் நிறுவனம் ஃப்ரெஷ்டெஸ்க்கில் 10 லட்சம் டாலர் முதலீடு செய்தது. ஏறத்தாழ அதே சமயத்தில், ஜென்டெஸ்க்கின் தலைமை அதிகாரி மிக்கெல் ஸ்வானே ட்விட்டரில் ஃப்ரெஷ்டெஸ்க்கை வெறும் நகல் என்று கடுமையாகச் சாடினார். துறை ஆய்வாளர் ஒருவரோடு நடந்த உரையாடலில் வந்த பேச்சு அது.

சிறு நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட நேரத்தில் மூன்று வழிகள் உண்டு. பேசாமல் இருந்தால் குற்றச்சாட்டு நிலைத்துவிடும். ட்விட்டரிலேயே பதிலுக்குப் பதில் திட்டினால் இருவரும் ஒரே தட்டில் நிற்பார்கள். ஃப்ரெஷ்டெஸ்க் மூன்றாவது வழியை எடுத்தது. ‘நகலா, இல்லையா’ என்று கேட்கும் பெயரில் தனி இணைய முகவரி வாங்கி, நடந்த உரையாடலை அப்படியே அடுக்கி, தன் தரப்பையும் சொல்லி, தீர்ப்பை வாசகரிடம் விட்டது. அந்தப் பக்கம் இணையத்தில் வேகமாகப் பரவியது. அதுவரை ஃப்ரெஷ்டெஸ்க் என்ற பெயரையே கேட்டிராதவர்கள், முன்னணி நிறுவனமே கோபப்படும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் கையோடு பதிவு செய்து பார்க்க மென்பொருள் தயாராக இருந்தது. அது இல்லாமலிருந்தால் இந்தப் பரபரப்பு ஒரு வாரப் பேச்சோடு போயிருக்கும். 2012 ஏப்ரலில் டைகர் குளோபலும் அக்செலும் சேர்ந்து 50 லட்சம் டாலர் முதலீடு செய்தன.

அடுத்தவர் நிலத்தில் வீடு

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. ட்விட்டர், ஃபேஸ்புக் ஆகியவற்றிலிருந்து தகவல் எடுக்கும் மென்பொருள், அந்தத் தளங்கள் வகுக்கும் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. பயனர்களின் தகவல்கள் அவர்கள் அறியாமல் வெளியே போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பிறகு 2018இல் ஃபேஸ்புக் வெளி மென்பொருட்களுக்கான அனுமதிகளைக் குறைத்தது. 2023இல் ட்விட்டர், அதுவரை இலவசமாக இருந்த தகவல் இணைப்பைக் கட்டணத்துக்கு மாற்றியது. அதையே முழுக்க நம்பியிருந்த சிறு மென்பொருட்கள் பல திண்டாடின. ஃப்ரெஷ்டெஸ்க்குக்குச் சமூக ஊடகம் பல வாசல்களில் ஒன்று. மின்னஞ்சலும் தொலைபேசியும் இணைய அரட்டையும் கூடவே இருந்தன.

நிறுவனம் 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியது. 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பங்கு ஒன்று 36 டாலர் என்ற விலையில் பட்டியலாகி, 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அந்த வளர்ச்சிக்கு முதலீடும் விற்பனைப் படையும் புதிய மென்பொருட்களும் காரணம். ஆனால் ஆறு பேராக இருந்த காலத்தில் சமூக ஊடகம் கொடுத்ததை அப்போது காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. அதைப் பெற ஃப்ரெஷ்டெஸ்க் செய்தது, பிறர் சொல்வதை முதலில் காதுகொடுத்துக் கேட்டதும், தன் பேச்சுக்கு முன்னால் சரக்கைத் தயாராக வைத்ததும்தான். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

(தொடரும்)