வட கரோலினாவின் கத்தோலிக்க நீதியரசர்

நம் நாட்டிற்கு உச்ச நீதிமன்றம் ஒன்றே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ மாநிலங்களுக்கும் தத்தம் உச்ச நீதிமன்றங்கள் உண்டு. வட கரோலினா மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் 1833 முதல் 1844 வரை நீதியரசராக வீற்றிருந்தவர் வில்லியம் காஸ்டன். அம்மாநில அரசியல் சட்டத்தின் 32-ஆம் பிரிவைப் படிப்போர், இவர் அங்கு அமர்ந்திருக்கவே முடியாது என்றுதான் எண்ணுவர். புரொட்டஸ்டாண்டு சமயத்தின் உண்மையை மறுப்பவர் எவரும் அரசுப் பதவி வகிக்கலாகாது என்றது அப்பிரிவு. காஸ்டனோ கத்தோலிக்கர்.

1778-இல் நியூ பெர்ன் நகரில் பிறந்த அவர், மூன்று வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். விடுதலைப் போரின்போது, 1781-இல், ஆங்கில அரசின் ஆதரவாளர்கள் அவர் தந்தையைச் சுட்டுக் கொன்றனர். விசுவாசத்தை ஊட்டி வளர்த்தவர் விதவைத் தாய் மார்கரெட். ஆயர் ஜான் கரோல் நிறுவிய ஜார்ஜ்டவுன் கல்லூரியின் முதல் மாணவர் என்ற பெருமை 1791-இல் அச்சிறுவனுக்குக் கிட்டியது. பின்னர் பிரின்ஸ்டனில் பட்டம், வழக்கறிஞர் தொழில், நாடாளுமன்றப் பணி என அவர் வாழ்வு விரிந்தது.

நீதிபதிப் பதவி தேடிவந்தபோது 32-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. ஒரு சமயத்தை ஏற்காதிருப்பது வேறு, அதை மறுப்பது வேறு என்பது காஸ்டனின் விளக்கம். இது கெட்டிக்கார வழக்கறிஞரின் வாதமன்றோ என நமக்குத் தோன்றலாம். ஆயினும் அவர் தம் விசுவாசத்தை மறைத்தாரில்லை. 1835-இல் ராலே நகரில் கூடிய அரசியல் சட்டத் திருத்த மாமன்றத்தில், பதவிக்குச் சமயத் தகுதி கேட்பது அடியோடு ஒழிய வேண்டுமென நீண்டதோர் உரை நிகழ்த்தினார். மாமன்றம் பாதி வழியே வந்தது. 'புரொட்டஸ்டாண்டு' என்ற சொல்லை நீக்கி, 'கிறிஸ்தவ' என்று எழுதினர். நமக்குக் கதவு திறந்தது. யூதருக்கோ அது 1868 வரை மூடியே கிடந்தது.

அவர் பெயர் நிலைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தப்பியோடிய லிடியா என்னும் அடிமைப் பெண்ணைச் சுட்டவன் குற்றவாளியல்லன் என்று 1829-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அடிமைமீது எசமானனுக்குள்ள அதிகாரம் முழுமையானதாம்! 1834-இல் வில் என்னும் அடிமையின் வழக்கு வந்தது. கங்காணி அவனை முதுகில் சுட்டான். காயத்தோடு ஓடியவனைத் துரத்திப் பிடித்தபோது நேர்ந்த கைகலப்பில், வில்லின் கத்திக்குத்துப் பட்டுக் கங்காணி மாண்டான். கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. காஸ்டன் அதை ஏற்கவில்லை. தன் உயிரைச் சட்டவிரோதமாகப் பறிக்க வருபவனைத் தடுக்க அடிமைக்கும் உரிமையுண்டு என்றும், மனித இயல்புக்குரிய அச்சமும் ஆத்திரமும் அவனுக்கும் உண்டு என்றும், ஆதலின் இது கொலைக்குற்றம் ஆகாது என்றும் எழுதினார். வில் தூக்குமரத்தினின்று தப்பினான்.

இவ்வாறு எழுதியவர் தாமே பல அடிமைகளுக்கு எசமானர் என்பதை நாம் மறைத்தல் நேர்மையன்று. 1832-இல் சாப்பல் ஹில் பல்கலைக்கழக மாணவர்முன் அடிமைமுறையை ஒழிக்கப்பட வேண்டிய பெருந்தீமை என்று கண்டித்தார். ஆயினும் இறுதிவரை அடிமைகளை உடையவராகவே வாழ்ந்தார்.

அம்மாநிலத்தில் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அம்மாநிலத்தின் குடிமக்களே என்று 1838-இல் அவர் தீர்ப்பளித்தார். 1844 சனவரி 23-இல் இறந்தார். 1857-இல் அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாக முடியாதென்று தீர்ப்பளித்தபோது, அதற்கு உடன்படாத நீதியரசர் கர்ட்டிஸ் தம் மாற்றுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியவற்றுள் காஸ்டனின் இத்தீர்ப்பும் ஒன்று.