தொற்றுக் காலத்தில் பெரியவர்களின் கையெழுத்து

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, அரிசி, பருப்பு, மருந்து ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதிலேயே பெரும்பாலான குடும்பங்களின் கவனம் சென்றது. அது இயல்பே. ஆனால் வங்கிக் கிளைகளின் வாயிலில் இடைவெளி விட்டு வரையப்பட்ட வட்டங்களுக்குள் நின்றவர்களுள் ஓய்வூதியர்கள் பலர் இருந்தனர். எவர் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதோ அவரே வரவேண்டியிருந்தது. பணம் அவர் பெயரில் இருந்தது. கையெழுத்திட வேண்டியவரும் அவரே.

மீண்டும் ஒரு தொற்று பரவுமானால் வீட்டில் செய்ய வேண்டியவை பலருக்கும் இப்போது பழகிவிட்டன. காற்றோட்டமுள்ள தனி அறை, ஒரு மாதத்திற்கான இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள், பணிவிடைக்கென ஒருவர். விரலில் பொருத்தும் ஆக்சிஜன் அளவி இருந்தால், பெரியவர் நலமாக இருக்கும் நாளிலேயே அவரது வழக்கமான அளவைக் குறித்து வைப்பது நல்லது. நோயுற்ற நாளில் ஒப்பிட அது மருத்துவருக்கு உதவும். தடுப்பூசி பற்றிக் குடும்ப மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

பலரும் எண்ணிப் பார்க்காதது பணம் எடுக்கும் உரிமையைப் பற்றித்தான். "நாமினேஷன் செய்திருக்கிறோம், பிறகென்ன?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. நியமனதாரரின் உரிமை கணக்குதாரர் மறைந்த பின்னரே எழுகிறது. தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, நியமனதாரர் என்ற முறையில் மகனால் அவர் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க இயலாது. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்பது நல்ல மாற்றமே; ஆயினும் அது இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகாது.

தீர்வு கூட்டுக் கணக்கில் உள்ளது. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் கணக்கு இருந்தால், ஒருவர் படுக்கையில் இருந்தாலும் மற்றவர் பணம் எடுக்கலாம். ஓய்வூதியக் கணக்கையும் வாழ்க்கைத் துணையுடன் இவ்வாறு வைத்துக்கொள்ள இடமுண்டு. நிரந்தர வைப்பில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்தே போதும். இருவரும் உயிருடன் இருக்கையில் முதிர்வுக்கு முன்பே முறிக்க வேண்டுமானால் பொதுவாக இருவரும் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனை முன்பணத்திற்கு இந்த வைப்பைத்தானே நம்பியிருக்கிறோம்! ஆகவே அவசரத்திற்கான ஒரு தொகையைக் கூட்டுச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருத்தல் நலம்.

பல வீடுகளில் இதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு: அப்பாவின் ஏடிஎம் அட்டையும் இரகசிய எண்ணும் மகனிடம் இருக்கும். அன்பினால் செய்வதே எனினும் விதிக்குப் புறம்பானது. பின்னாளில் உடன்பிறந்தாரிடையே ஐயத்திற்கும் வழிவகுக்கும். பெரியவரின் சம்மதத்துடன், அவர் தெளிவாக இருக்கும்போதே, கிளையில் எழுத்துமூலம் செய்துகொள்ளும் ஏற்பாடே அவருக்கும் மதிப்பு. பணம் அவருடையது, யாரைச் சேர்ப்பது, சேர்ப்பதா வேண்டாமா என்பதும் அவர் முடிவே.

முன்கூட்டியே ஏதும் செய்யாத நிலையில் நோய் வந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. கையெழுத்திட இயலாதவரின் கைப்பெருவிரல் ரேகையை, அதுவும் இயலாவிடில் கால்பெருவிரல் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் முன்னிலையில் பெற்றுப் பணம் வழங்கலாம். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 70 வயதைக் கடந்தோருக்கும் நடமாட இயலாதோருக்கும் வீட்டு வாயிலிலேயே அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. எல்லாக் கிளைகளிலும் இவ்வசதி ஒரே அளவில் இராது என்பதால், உங்கள் கிளையில் இப்போதே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் நவம்பரில் தரும் வாழ்நாள் சான்றுக்கும் கிளைக்கு வரத் தேவையில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே அதனை அளிக்கலாம். 80 வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். அருகில் அமர்ந்து கைப்பேசியைப் பிடித்துக்கொள்ளப் பேரனோ பேத்தியோ இருந்தால் போதும்.