அந்நியக் குழலில் நம் ராகம்

கல்யாண மாதங்களில் கள்ளக்குறிச்சித் தெருக்களிலே ஊர்வலம் வந்தால், பாண்டு வாத்தியங்களின் நடுவே வளைந்த பித்தளைக் குழல் ஒன்று ஸினிமா மெட்டு வாசிக்கக் கேட்கலாம். அதுவே ஸாக்ஸபோன். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவர்களுக்கும் அது இன்று புதுமையல்ல. பெல்ஜியம் தேசத்து அடோல்ஃப் ஸாக்ஸ் 1840-களில் சமைத்த இவ்வாத்தியம், ராணுவ பாண்டில் வளர்ந்து, அமெரிக்காவின் ஜாஸ் சங்கீதத்தில் பெரும் புகழ் பெற்றது. இதிலே தோடி வாசிக்கலாமென்று முன்னொரு காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், நம் ரஸிகர்கள் சிரித்திருப்பார்கள்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. நாகஸ்வரத்தில் விரல் துளையை நேராகத் தொடுகிறது. பாதி மூடலாம், மெல்ல நழுவலாம். ஸாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே மூடிகள் நிற்கின்றன. ஸ்வரம் படிக்குப் படி தாவுமே தவிர, குழையாது. கமகமில்லாமல் ராகம் ஏது? ஹார்மோனியத்தை 1940-இல் ரேடியோ நிலையத்தார் விலக்கி வைத்தபோது சொல்லப்பட்ட குறைகளில் இதுவும் ஒன்று.

இந்தக் குறையுடன் மல்லுக்கு நின்றவர் ஸ்ரீ கத்ரி கோபால்நாத். தென் கன்னட ஜில்லாவில் 1949-இல் பிறந்தவர்; நாகஸ்வர வித்வானின் குமாரர். மைசூர் அரண்மனை பாண்டில் ஸாக்ஸபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ணய்யரிடமும், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். வாத்தியத்தின் மூடிகளைத் தமக்கு இசைந்தவாறு மாற்றி, உதட்டாலும் மூச்சாலும் கமகத்தை வரவழைத்தார். இது ஏறக்குறைய இருபது வருஷத்துச் சாதகம்! பிடிலும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே? பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கையிலெடுத்த பிறகு யார் அதை அந்நியமென்கிறார்கள்?

1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்க வித்வான் ஜான் ஹாண்டி, தாமும் உடன் வாசிக்க விரும்பி மேடையேறினார். 1994-இல் லண்டன் பிராமனேட் கச்சேரியில் வாசித்தார், அவ்வருஷமே கே. பாலசந்தரின் 'டூயட்' படத்தின் மூலம் அவருடைய நாதம் தமிழ்நாட்டு வீடுகளிலெல்லாம் புகுந்தது. 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபரில் காலமானார்.

நமக்கு மிகவும் ரஸமாகத் தோன்றுவது வேறொன்று. இந்திய வம்சத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா என்னும் ஜாஸ் வாலிபருக்கு, அவர் தமையனார் கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றைப் பரிகாசமாகப் பரிசளித்தார். தம்பி அதைப் போட்டுக் கேட்டார், பரிகாசம் மறைந்தது. பின்னர் கோபால்நாத்தைத் தேடி வந்து, அவருடன் அருகமர்ந்து வாசித்து, 2008-இல் 'கின்ஸ்மென்', அதாவது 'உறவினர்', என்ற இசைத்தட்டை வெளியிட்டார்.