"எங்கட ஆள்" என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

தேர்தல் வந்தால் சம்மாந்துறைச் சந்திகளில் "அவர் எங்கட ஆள்" என்ற பேச்சுத்தான். அந்த ஆள் பாராளுமன்றத்தில் எதற்கு வாக்களித்தார் என்று கேட்பவர்கள் குறைவு.

2020 ஒக்டோபர் 22ஐ நினைத்துப் பாருங்கள். கொவிட்டால் மரணித்தோரின் ஜனாஸாக்களை எரிக்கும் விதி அமுலில் இருந்த காலம். ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கிய 20ஆவது திருத்தம் அன்று நிறைவேறியது. ஆதரவு 156, எதிர்ப்பு 65. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்தார். அவரது கட்சியின் நால்வர் ஆதரித்தனர். ஜனாஸா அடக்கத்துக்கு அனுமதி கிடைத்ததோ 2021 பெப்ரவரி இறுதியில்தான்.

ஜனாஸா பிரச்சினையைப் பேசித் தீர்க்கவே ஆதரித்ததாக விளக்கம் சொல்லப்பட்டது. அப்படியென்றால், வாக்களிக்க முன் பெற்ற உத்தரவாதம் என்ன? ஒரே கட்சியில் தலைவர் ஒரு பக்கமும் உறுப்பினர்கள் மறுபக்கமும் நின்றது எப்படி? இவற்றைக் கேட்கவேண்டிய நாமோ, அவரவர் ஆளுக்கு வக்காலத்து வாங்கினோம். என்ன செய்தாலும் வாக்கு நிச்சயம் என்று தெரிந்தவர் நமக்கு ஏன் பதில் சொல்லவேண்டும்?

கேள்வி கேட்பது துரோகமல்ல. தான் தவறினால் திருத்துமாறு மக்களிடம் முதல் உரையிலேயே கேட்டுக்கொண்டவர் கலீஃபா அபூபக்கர் (ரழி) அவர்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் நமக்கு மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. கட்சியை விடாமலே ஆளை மாற்றலாம். யார் எதற்கு வாக்களித்தார் என்பது ஹன்சார்ட்டில் பதிவாகியிருக்கிறது. அடுத்த முறை வீடு தேடி வருபவரிடம் அதை வைத்துக் கேளுங்கள். வாக்கு ஒரு அமானிதம்; அதற்குக் கணக்குக் கேட்பதும் நமது கடமைதான்.