கட்சிக் கொள்கை அல்ல. பஸ் நிலையக் கொள்கை!

காலேஜில் ஒரு புதுமாதிரிப் படிப்பு: பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

காட்டாங்குளத்தூர்,

"பையன் பப்ளிக் பாலிசி படிக்கப் போகிறான்" என்றால், "எல்.ஐ.சி. பாலிசியா?" என்று கேட்பவர்கள் உண்டு. "பொதுக் கொள்கை" என்று தமிழில் சொன்னாலோ, "எந்தக் கட்சிக் கொள்கை?" என்பார்கள்!

இரண்டும் இல்லை. அரசாங்கம் ஒரு காரியத்தை ஏன் செய்கிறது? யார் பணத்தில் செய்கிறது? பலன் யாருக்குப் போகிறது? யார் விடுபடுகிறார்கள்? இதைக் கணக்குப் பார்க்கக் கற்றுத் தரும் படிப்பு இது. பொருளாதாரம், சட்டம், புள்ளிவிவரம், அரசியல் விஞ்ஞானம் எல்லாம் கலந்த கதம்பம்.

1985-ல் எஸ்.ஆர்.எம். கல்லூரி வந்ததில் இருந்து காட்டாங்குளத்தூர் என்றாலே எஞ்சினீயரிங்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் படிப்புக்கு வேண்டிய பாடம், தாம்பரம்-செங்கல்பட்டு மின்சார ரெயிலில் போகிறவர்களுக்கு வழியிலேயே கிடைக்கிறது.

நாலு பைல், ஒரு பயணி

கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில், ரூ.390 கோடிக்கு மேல் செலவிட்டுக் கட்டிய பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. பிரமாண்டமான கட்டிடம். கோயம்பேட்டில் நெரிசல் குறைய வேண்டும் என்ற நோக்கமும் நியாயம்தான்.

ஆனால் திறந்த அன்று, பக்கத்தில் ஓடும் ரெயில் நின்று போக அங்கே ஒரு ஸ்டேஷன் இல்லை! தென் மாவட்டத்தில் இருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர், பெட்டியும் பையுமாக வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரெயில் பிடிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் டவுன் பஸ். அதுவும் இல்லாவிட்டால் ஆட்டோ!

தப்பு யாருடையது? பஸ் நிலையத்தைக் கட்டியது சி.எம்.டி.ஏ. பஸ் ஓட்டுவது போக்குவரத்துக் கழகங்கள். ஜி.எஸ்.டி. ரோடு தேசிய நெடுஞ்சாலை. தண்டவாளம் ரெயில்வேக்குச் சொந்தம். நாலு இடத்தில் நாலு பைல், நாலு பட்ஜெட். அலைகிற பயணி மட்டும் ஒருவர்! அந்த நாலு பைலும் ஏன் ஒன்றாக நகரவில்லை என்று ஆராய்வதுதான் பொதுக் கொள்கைப் படிப்பு.

பலித்த கதையும் உண்டு. பள்ளியில் சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்று காமராஜர் 1956-ல் மதிய உணவைப் பரப்பினார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. ஒரு திட்டம் ஏன் நிலைக்கிறது என்பதும் பாடம்தான்.

வேலை கிடைக்குமா?

பெற்றோரின் முதல் கேள்வி இதுதான். மழுப்பாமல் சொல்ல வேண்டும்: இந்த டிகிரிக்கு என்று தனியாக எந்த உத்தியோகமும் காத்திருக்கவில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1, ஐ.ஏ.எஸ். பரீட்சைகளை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். தமிழக முதல்-அமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்கு 2022-ல் வந்த அறிவிப்பிலும், கலைப் பிரிவில் படித்தவர்களுக்கு முதுகலைப் பட்டம் கேட்டார்கள். வெறும் பி.ஏ. போதவில்லை!

அரியானாவின் ஜிண்டால், புனேயின் பிளேம் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் இளநிலையிலேயே இந்தப் படிப்பு உண்டு. கட்டணம் லட்சக்கணக்கில். கடன் வாங்கிச் சேர்க்கும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். புள்ளிவிவரம் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா? அரசு அலுவலகத்திலோ ஊராட்சியிலோ பயிற்சி உண்டா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

பதில் சரியில்லை என்றால், அரசுக் கல்லூரியில் பொருளாதாரமோ அரசியல் விஞ்ஞானமோ படித்துவிட்டு, மேல்படிப்பில் கொள்கைப் பக்கம் போகலாம். செலவும் குறைவு.

பத்து ரூபாய்ப் பாடம்

எதைப் படித்தாலும் ஒரு பயிற்சிக்கு கட்டணம் இல்லை. சட்டசபையில் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. கிராம சபைக்குப் போய் உட்காரலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பஸ்சில் நின்றுகொண்டே போகிற வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்காவிட்டால், பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காரில் போகிறவர்கள்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள்!