நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரம்

சீனர் தம் ஞானாசிரியராகிய கன்பூசியருக்கு அவர் பிறந்த சூஃபூ நகரில் எடுத்த பழங்கோயிலைப் பற்றி அறிய விரும்பி, தரமணியிலுள்ள நூலகமொன்றில் ஒருநாட் பிற்பகல் சீன நாட்டைக் குறித்த நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஹென்றி யூல் துரை பதிப்பித்த மார்க்கோ போலோவின் யாத்திரை நூலில் ஒரு படம் கண்ணிற் பட்டது. தனித்து நிற்கும் செங்கற் கோபுரம். ‘சீனக் கோயில்’ என வழங்கப்படுவது என்று அதன்கீழ்க் குறித்திருந்தது. ஊரோ நம் நாகப்பட்டினம்! சூஃபூவை மறந்தேன்.

அச்சித்திரம் சர் வால்டர் எலியட் துரை 1846ஆம் ஆண்டில் வரைந்தது. அவர் 1878இல் வெளியிட்ட கட்டுரையால் கோபுரத்தின் அமைப்பு நன்கு விளங்குகின்றது. நாற்சதுரமாய் மூன்று நிலைகளோடு நின்ற அது, சாந்து சிறிதுமின்றிச் செங்கற்களை நெருங்க இழைத்துக் கட்டப்பட்டது. நிலைகளைக் கொடுங்கைகள் பிரித்தன. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாயில் உண்டு. மேற்றளம் விழுந்துபோக, அது பொருந்தியிருந்த வடு மட்டும் உட்சுவரில் எஞ்சியது; தலைக்குமேல் திறந்த வானமே. சிற்பமேனும் எழுத்தேனும் யாண்டும் இல்லை. போவார் வருவாரும் மாடுகளும் உராய்ந்து அடிமூலைகள் தேய்ந்திருந்தன; ஆயினும் கட்டடம் உறுதி குன்றவில்லை என்கிறார். சுதையுருவங்கள் செறிந்த நம் கோயிற் கோபுரங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இஃது எவ்வளவு அயலாகத் தோன்றியிருக்கும்!

கடலோடிகளுக்கு அது கரையடையாளமாயிருந்தது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். சிலர் சமணருடையது என்றனர். ஐரோப்பியர் சீனருடையது என்றனர். எவர் கட்டியது என்பதை ஊர் மறந்துவிட்டது.

சீனர் மறக்கவில்லை. வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி 1349 அளவில் எழுதிய நூலில், சமவெளியில் நின்ற செங்கற்றூபி ஒன்றைக் குறிக்கின்றார்; சீனர் அதனை 1267ஆம் ஆண்டு எட்டாந் திங்களில் முடித்ததாக அதில் எழுத்துப் பொறித்திருந்தது என்பர். அத்தூபியே நாகையில் நின்றது என்பது அறிஞர் பலர் கொள்கை. எலியட் துரை காலத்தில் அவ்வெழுத்து இல்லை. நாகை பௌத்தர்க்குப் புதிய இடமுமன்று. ஸ்ரீவிஜய நாட்டரசர் முதல் இராசராசன் காலத்தில் அங்கே சூடாமணி விகாரம் எடுப்பித்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதையும் லெய்டன் செப்பேடுகள் கூறும். கடல் கடந்து வந்தோர் தத்தம் வழிபாட்டிடத்தை அமைத்துக்கொள்ளச் சோழர் துறைமுகம் இடங்கொடுத்தது.

இனிக் கூறவேண்டுவது கிறிஸ்தவ மாணவனாகிய எனக்கு எளிதன்று. கோபுரத்தை யொட்டி இயேசு சபைக் குருமார் கல்லூரி நடத்திவந்தனர். பாழ்ங்கட்டடத்தை இடித்துக்கொள்ள அனுமதி வேண்டினர். லார்டு நேப்பியர் கவர்னராயிருந்தபோது, 1867 ஆகஸ்டு 28இல் அனுமதி கிடைத்தது. ஆறு நூற்றாண்டுப் புயலையும் மாடுகளையும் தாங்கிய சுவர் அவ்வாண்டே போயிற்று. குருமார் கல்வி வளர்க்கவே முனைந்தனர். அதனை மறுப்பார் யார்? அவர்களை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. காக்கவேண்டிய அரசாங்கமே கையொப்பமிட்டது. ஆனால் 1844இல் அங்குத் தோன்றிய அக்கல்லூரி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்து, இன்றும் புனித வளனார் கல்லூரியாய் விளங்குகின்றது. இடித்த பதினாறாம் ஆண்டில் கல்லூரியும் நாகையை விட்டு நீங்கியது!

1856 முதல் நாகையில் அகழ்ந்தெடுத்த பௌத்த வெண்கலத் திருவுருவங்கள் முந்நூற்றைம்பதுக்கு மேல். அவற்றுட் சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்ற மாதம் சென்று கண்டேன். ஒரு புத்தர் உரு என் முழங்கை நீளமுமில்லை. சுடர்போல் உச்சியில் ஒரு முடி. கோபுரத்தினின்று ஒரு செங்கல்லேனும் எங்கேனும் வைத்திருப்பரோ என்று சுற்றிப் பார்த்தேன். காணவில்லை.