கர்னலும் கம்பெனியும்: அன்றும் இன்றும்

தேனி புதிய பேருந்து நிலையத்துக்கு ஒரு கர்னலின் பெயரை வைத்திருக்கிறார்கள். கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2013இல் திறந்தார்கள். அவர் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வருவதால் பாலார்பட்டியில் அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தையும் மாட்டி வைத்திருக்கும் கடைகளும் வீடுகளும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டார்: பணம் போதாமல் போனபோது சீமையில் இருந்த தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று வந்து அணையை முடித்தார் என்பது. ஆவணங்களில் அரசாங்கப் பணம்தான் தெரிகிறது. ஆனால், சீருடை போட்ட பெரிய அதிகாரி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இங்குள்ளவர்கள் நினைக்கிறார்களோ, அதை இந்தக் கதை நன்றாகவே காட்டுகிறது. அவர் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இன்றைக்கு அதே கர்னல் பதவியிலோ அதற்கு மேலோ இருந்து ஓய்வு பெறும் இந்திய ராணுவ அதிகாரி, ஓராண்டுக்குள் தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். கடற்படையிலும் விமானப்படையிலும் இதற்கு ஈடான பதவிகளுக்கும் அதே விதிதான். முன்பு இந்தக் காத்திருப்பு இரண்டு ஆண்டு, இப்போது பாதியாகிவிட்டது. இந்த விதி தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை என்பது மட்டுமல்ல, இப்போது இருப்பது போதாது என்பதே என் எண்ணம். அதற்கான காரணங்கள் பழைய காலத்திலேயே கிடக்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் படைக்கும் வியாபாரத்துக்கும் நடுவே வேலி என்று ஒன்று கிடையாது. படையே ஒரு வியாபாரக் கம்பெனியினுடையது. அதன் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாக இருந்த யூசுப் கான் (ஊரார் மருதநாயகம் என்பார்கள்) மதுரைச் சீமையை அடக்குவதற்காக அனுப்பப்பட்டார். பிறகு அந்தச் சீமையின் வரி வசூலையே குத்தகைக்கு எடுத்தார். படை நடத்துபவரே குத்தகைதாரர் ஆன பிறகு யாருக்காகச் சண்டை, யாருக்காக வசூல் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. கம்பெனியோடும் ஆற்காட்டு நவாபோடும் முறிந்து, கடைசியில் 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

அவர் முடிவு அப்படி என்றால், வெள்ளை அதிகாரிகளுக்கு வாழ்வு வேறு மாதிரி அமைந்தது. பால் பென்ஃபீல்டு கம்பெனியின் பொறியாளராக மதராஸுக்கு வந்தார். கோட்டை கொத்தளங்கள் கட்டும் ஒப்பந்தங்களை எடுத்தார், வட்டிக்கு விட்டார், நவாபுக்குப் பெரும் கடன் கொடுத்தார். 1776இல் தஞ்சைச் சீமையின் வருவாயே தனக்குச் சேர வேண்டும் என்று உரிமை கோரும் அளவுக்கு வளர்ந்தார். நவாபின் கடன்களைப் பற்றி 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய நீண்ட பேச்சில் பென்ஃபீல்டின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கம்பெனியின் சிவில், ராணுவ அதிகாரிகள் இந்திய மன்னர்களிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று 1773ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டமே சொல்லியிருந்தது. சட்டம் வந்து மூன்று ஆண்டில்தான் தஞ்சாவூர்க் கோரிக்கை. அன்பளிப்புக்குத் தடை வந்தபோது, கடன் என்ற கதவு திறந்தே இருந்தது.

பென்னிகுயிக் காலம் அதற்கு நூறு வருடம் கழித்து. அவர் தகப்பனார் ஜான் பென்னிகுயிக்கும் ராணுவத்தில் இருந்தவர். 1849இல் சில்லியன்வாலா போரில் இறந்தார். மகன் மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தாலும், வேலை முழுக்கப் பொதுப்பணித் துறையில். அந்தக் காலத்தில் அணை, கால்வாய், பாலம் எல்லாவற்றுக்கும் படைப் பொறியாளர்களைத்தான் அரசு பெரிதும் நம்பியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். இடையில் மலைக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் எத்தனையோ கூலித் தொழிலாளர்கள் மாண்டார்கள். மதராஸ் பயனியர்ஸ் படையினரும் கூலிகளோடு நின்று கல் சுமந்தார்கள். இத்தனையும் அரசு வேலை. ஒப்பந்தக்காரருக்கு லாபம் இருந்திருக்கலாம், அதிகாரிக்குச் சம்பளம்தான்.

ஓய்வு பெற்றதும் என்ன செய்தார்? 1896இல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவரானார். இந்தியப் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயார் செய்த கல்லூரி அது. பிறகு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு அழைத்து, பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தணிப்பது எப்படி என்று அவரிடம் அறிக்கை கேட்டது, 1899இல் கொடுத்தார். பெரியாற்றில் கற்றது பிரிஸ்பேனுக்குப் போனது. இதில் யாருக்கு நட்டம்? அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதைத் தடுக்கும் விதி மூடத்தனம். காத்திருப்பு விதியைப் பேசும்போது இதை நான் மறக்க விரும்பவில்லை.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு படைப் பொறியாளரின் பாதையையும் பார்க்க வேண்டும். வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. இந்திய அரசின் பொதுப்பணித் துறைச் செயலாளராக இருந்தவர், பாசனத் துறைக்குத் தலைமை வகித்தவர், லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். கிழக்கிந்திய ரயில்வே கம்பெனியை அரசு விலைக்கு வாங்கப் போனபோது, 1877இல் நிபந்தனைகளைப் பேச அரசு தரப்பில் அனுப்பப்பட்டவர் அவர். 1880இல் ரயில்வே அரசுடைமை ஆனது. ஆனால் ஓட்டும் உரிமை அதே கம்பெனியிடம் இருந்தது. 1889இல் ஸ்ட்ரேச்சி லண்டனில் இந்தியா கவுன்சில் பதவியை விட்டு விலகி, அந்தக் கம்பெனியின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினைந்து ஆண்டுக்கும் மேல் அங்கே இருந்தார். அவர் லஞ்சம் வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. வாங்கினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. திறமையான மனிதர். ஆனால் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசியவர் நாளைக்கு அந்தப் பக்கம் போவார் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்தால், பேச்சு எப்படி நடக்கும்? அன்று அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பிரபுக்கள் ஒருவரையொருவர் நம்பிய காலம். வரி கட்டிய இந்திய விவசாயிக்கு அந்த நாற்காலிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விடுதலைக்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. காரணம் எளிது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை ஆயுத உற்பத்தியை மத்திய அரசுக்கே ஒதுக்கிவிட்டது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை எல்லாம் அரசினுடையவை. ஓய்வு பெற்ற ஜெனரல் போய்ச் சேர உள்நாட்டில் ஆயுதக் கம்பெனியே இல்லை. இருந்த ஒரே வழி வெளிநாட்டு ஆயுதக் கம்பெனிகளின் இந்திய முகவர்கள். 1986இல் 410 பீரங்கிகளுக்கு போஃபர்ஸ் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஸ்வீடன் வானொலி லஞ்சச் செய்தியை வெளியிட்டது. அதன்பின் இடைத்தரகர் என்ற சொல்லே கெட்ட சொல்லானது. இடைத்தரகர்களுக்குப் போட்ட தடையால் தரகு ஒழியவில்லை, மறைந்துகொண்டது.

2001 மார்ச்சில் தெஹல்கா செய்தியாளர்கள் ஆயுத வியாபாரிகளாக வேடமிட்டு, மறைத்து வைத்த கேமராவோடு போனார்கள். அந்தப் படங்களில் அரசியல்வாதிகள் மட்டுமல்ல, பணியில் இருந்த அதிகாரிகளும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் இருந்தார்கள். சில அதிகாரிகள் ராணுவ நீதிமன்றத்தைச் சந்தித்தார்கள். இரண்டே மாதம் கழித்து, அதே 2001 மே மாதத்தில், பாதுகாப்பு உற்பத்தி தனியாருக்குத் திறக்கப்பட்டது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததை நான் தற்செயலாக விட்டுவிட மாட்டேன். எந்த உறவு ஆபத்தானது என்று நாடு கண்ணால் பார்த்த அதே வேளையில், அந்த உறவு வளர ஒரு பெரிய சந்தையையும் திறந்தோம். 2019 ஜனவரியில் திருச்சியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள். நல்ல திட்டம், ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளுக்கு அதில் வேலை இருக்கிறது. ராணுவத்துக்கு என்ன தேவை என்று உள்ளிருந்து தெரிந்த ஆள் அந்தக் கம்பெனிகளுக்குக் கிடைத்தால் நல்லதுதான். கேள்வி எல்லாம், எப்போது, எந்த நாற்காலியில் இருந்து எழுந்தவர் என்பதுதான்.

ராணுவ அதிகாரிகளின் காத்திருப்பு விதியின் அச்சிலேயே வார்க்கப்பட்ட மத்திய அரசு சிவில் அதிகாரிகளின் விதியைப் பார்த்தால் அது எதைப் பிடிக்க நினைக்கிறது என்று புரியும். சம்பளத்துக்குச் சேர்வது மட்டுமல்ல. இயக்குநர் ஆவது, பங்குதாரர் ஆவது, முகவர் ஆவது, பழைய பதவியின் தொடர்பை வைத்து ஆலோசகராகக் கடை விரிப்பது எல்லாம் அதில் அடங்கும். அரசு நிறுவனங்களில் சேர்ந்தால் விதி பொருந்தாது. அனுமதி இல்லாமல் சேர்ந்தால் ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். ஆனால் விண்ணப்பித்துக் குறித்த நாளுக்குள் அரசு மறுக்காவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடும். அவர்களுக்கு இரண்டாண்டு ஓராண்டானது 2007இல்.

ஓராண்டு என்பது எவ்வளவு? போஃபர்ஸுக்குப் பிறகு ராணுவத்துக்குப் புதிய வெளிநாட்டுப் பீரங்கி வாங்க ஒப்பந்தம் போட்டது 2016 நவம்பரில். முப்பது வருடம். பல்பணிப் போர்விமானத்துக்கு 2007இல் விலைப்புள்ளி கேட்டார்கள். 2015இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 2016 செப்டம்பரில் 36 ரஃபேலுக்கு வேறு ஒப்பந்தம். கொள்முதல் இந்த வேகத்தில் நகரும் நாட்டில், ஓர் ஆயுதத்தின் தேவை அறிக்கையை எழுதிய அதிகாரி ஓய்வு பெற்று, ஓராண்டு பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு, அதே ஆயுதத்தை விற்கும் கம்பெனிக்குப் போனாலும் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகியிருக்காது. 2012 மார்ச்சில் அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி வி.கே.சிங், தரமற்ற வாகனங்களுக்கு ஒப்புதல் தர தனக்கு 14 கோடி ரூபாய் தருவதாகச் சொன்னவர் சமீபத்தில் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரிதான் என்று பேட்டியில் சொன்னார். நாடு அதிர்ந்தது. அது ஒரு தரப்புக் குற்றச்சாட்டுதான். ஆனாலும் தலைமைத் தளபதியின் அறைக்குள் முன்னாள் அதிகாரி ஒருவரால் அவ்வளவு எளிதாக நுழைய முடிகிறது என்பதே யோசிக்க வைக்க வேண்டிய செய்தி.

அமெரிக்காவில் 2017 இறுதியில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் மூன்று, நான்கு நட்சத்திர ஜெனரல்களுக்கு இரண்டாண்டும், ஒன்று, இரண்டு நட்சத்திரக்காரர்களுக்கு ஓராண்டும் ராணுவத் தலைமையகத்தில் கம்பெனிக்காகப் பரிந்து பேசத் தடை போட்டது. அங்கே வேலைக்குப் போகலாம், பழைய அலுவலகத்துக்குத் தூது போகக் கூடாது. நம் விதி ஓராண்டு வரை வேலைக்கே அனுமதி கேட்கிறது. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது. இரண்டில் அவர்களுடையது கூர்மையானது என்பேன்.

இந்த விவாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பெரும்பாலான மிலிட்டரிக்காரர்களுக்கு இடமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிருந்து பட்டாளத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து நாயக்காகவோ ஹவில்தாராகவோ திரும்புகிறவர்கள். நாற்பதைத் தொடும் முன்பே பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் அப்போதுதான் பள்ளியில் இருப்பார்கள். அவர்களை எந்த விதியும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. வங்கிக் காவல், ஏடிஎம் செக்யூரிட்டி, தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் ஒரு வேலை, இல்லையென்றால் திராட்சைத் தோட்டம், ஏலக்காய் எஸ்டேட்டில் மேற்பார்வை. ஜெனரல் தன் தொடர்புகளை விற்கும் சந்தையில் ஹவில்தார் தன் உடம்பையும் இரவுத் தூக்கத்தையும்தான் விற்க முடியும். ‘ஓய்வு பெற்ற ராணுவத்தினர் பிழைக்க வேண்டாமா’ என்று உயரதிகாரிகளுக்காக வாதாடுகிறவர்கள் இந்த ஹவில்தாரை முன்னால் நிறுத்திப் பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இவர் பிரச்சினை வேறு. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கே ஆண்டில் முக்கால்வாசிப் பேர் வெளியே வரப் போகிறார்கள், இருபதுகளிலேயே. அவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

மேலே இருப்பவர்களுக்கு நான் கேட்பது இது. காத்திருப்புக் காலத்தைப் பதவியை மட்டும் வைத்து அளக்காதீர்கள். மருத்துவப் படைப் பிரிகேடியர் ஒருவர் மதுரையில் தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்ய ஏன் ஓராண்டு அனுமதிக் காகிதத்தோடு அலைய வேண்டும்? கொள்முதல் பிரிவில் இருந்த ஒருவருக்கு ஏன் அதே ஓராண்டு போதும்? எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாரோ, எந்த ஆயுதத்தைச் சோதித்தாரோ, அந்தக் கம்பெனிக்கு அந்த ஒப்பந்தம் முடியும்வரை அவர் போகக் கூடாது. மற்ற இடத்துக்கு உடனே போகட்டும். அனுமதி கேட்டவர் யார், எந்தப் பதவியில் இருந்தவர், எந்தக் கம்பெனி, என்ன நிபந்தனை என்பதை அரசு இணையத்தில் வெளியிட வேண்டும். பிரிட்டனில் இப்படிப்பட்ட நியமனங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலோசனைக் கடிதங்கள் பல ஆண்டுகள் வெளியிடப்பட்டன. அதனால் அவர்கள் ரகசியம் எதுவும் கெட்டுவிடவில்லை. இங்கேயும் அந்தப் பட்டியல் வரட்டும், மாதம் ஒருமுறை, தமிழிலும்.